105 ஆம்பியர்-மணி எல்எஃப்பி செல்: பேக் கட்டுமுன் எதை அளப்பது, எதைக் கழிப்பது?

பீன்யா_பட்டறை

எல்லாருக்கும் வணக்கம். ஆலை வளாகத்துக்குள் மட்டும் ஓடும் சரக்கு மூன்று சக்கர வண்டிகளில் லெட்-ஆசிட்டை எடுத்துவிட்டு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேக் வைக்கிறோம். 16 செல் தொடராக, 105 ஆம்பியர்-மணி பிரிஸ்மாட்டிக் (செவ்வகப் பெட்டி வடிவம்), 51.2 வோல்ட். கன்ட்ரோலரின் உச்ச வரம்பு 150 ஆம்பியர், சராசரி ஓட்டம் 35 முதல் 40 ஆம்பியர். மூன்று வண்டிக்கு 48 செல் தேவை.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் செல்லை "ஏ கிரேடு, 0.3 மில்லிஓம்" என்று ஒரு தாளோடு தருகிறார்கள். விலை, நேரடி இறக்குமதியை விடக் குறைவு. கையில் இருப்பவை: 5 வோல்ட் 40 ஆம்பியர் சார்ஜ்-டிஸ்சார்ஜ் சோதனைக் கருவி இரண்டு, 1 கிலோஹெர்ட்ஸ் உள்மின்தடை மீட்டர், 6000 கவுன்ட் மல்டிமீட்டர், கே வகை தெர்மோகப்பிள்.

எந்தச் சோதனையை எந்த வரிசையில் செய்வது? எந்த அளவைத் தாண்டினால் செல்லைத் திருப்பிக் கொடுக்கலாம்?

வோல்ட்சாமி

மீட்டரில் 0.3, 0.35க்குள் இருக்கிறதா பாருங்க. கொள்ளளவு 105க்கு மேல் வருகிறதா பாருங்க. இரண்டும் சரியென்றால் எடுத்துக் கட்டுங்க. பேக் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் இதைக்கூடச் செய்வதில்லை. ஒரு செல்லுக்குச் சார்ஜ், ஓய்வு, டிஸ்சார்ஜ் சேர்த்து ஏழு மணி நேரம் ஆகும். 48 செல், இரண்டு கருவி என்றால் ராப்பகலாக ஓட்டினாலே ஒரு வாரம். அதற்கு மேல் சோதனை வைத்தால் வண்டி எப்போது ஓடும்?

மில்லிஓம்

வோல்ட்சாமி அண்ணா சொன்ன இரண்டும் தேவைதான். ஆனால் அந்த இரண்டிலும் தேறிவிட்டு, பேக்கைக் கெடுக்கும் செல் உண்டு. அதைப் பிடிக்கத்தான் மிச்சச் சோதனைகள்.

ஆலையில் ஒரு செல் ஏ தரத்திலிருந்து ஒதுக்கப்படப் பல காரணங்கள் இருக்கலாம்: கொள்ளளவு குறைவு, உள்மின்தடை அதிகம், தடிமன் வரம்பைத் தாண்டியது, தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் அதிகம், கிடங்கில் நீண்ட காலம் கிடந்தது. கொள்ளளவுச் சோதனை முதல் காரணத்தை மட்டும்தான் காட்டும். 107 ஆம்பியர்-மணி தருகிற செல், உள்ளே நுண்ணிய கசிவோடு இருக்கலாம். டிஸ்சார்ஜ் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் சில மில்லிஆம்பியர் கசிவு அந்தக் கணக்கில் தெரியவே தெரியாது.

என் வரிசை: கண்ணால் பார்ப்பது, தடிமன், வந்த நிலையில் வோல்டேஜ், 1 கிலோஹெர்ட்ஸ் மீட்டர், கொள்ளளவு, 10 விநாடி பல்ஸ் (அந்த நேரம் மட்டும் மின்னோட்டம் இழுத்து வோல்டேஜ் இறக்கத்தைப் பார்ப்பது), கடைசியாகக் குறைந்த சார்ஜில் கிடப்பில் போடுவது (சும்மா வைத்திருந்து பார்ப்பது). முதல் நான்கும் ஒரே மத்தியானத்தில் 48 செல்லுக்கும் முடிந்துவிடும். அங்கேயே விழுகிற செல்லுக்கு ஏழு மணி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

ஓசூர்_லைன்

உள்வரவுச் சோதனைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் முனைகளைப் பாருங்கள். புது செல்லின் அலுமினிய முனை சீராக, ஆலையில் வந்த மேற்பரப்போடு இருக்கும். உப்புத்தாள் தேய்த்த கோடு, அரைத்த பளபளப்பு, பழைய லேசர் வெல்டின் வட்டத் தழும்பு, அதை மறைக்க மேலே புதிதாக வெல்ட் செய்த ஸ்டட் – இதில் ஏதாவது இருந்தால் அது ஒரு மாட்யூலிலிருந்து பிரித்தெடுத்த செல். நீல உறை மட்டும் புதிதாக மாட்டியிருப்பார்கள். உறையின் விளிம்பில் பழைய பசை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து க்யூஆர் போன்ற சதுரக் குறி. சீனாவில் செய்த வாகன செல்களுக்கு ஜிபி/டி 34014 என்ற 2017ஆம் ஆண்டு விதிப்படி 24 எழுத்துக் குறியீடு இருக்கும். முதல் மூன்று எழுத்து தயாரிப்பாளர், நான்காவது அது செல்லா மாட்யூலா பேக்கா என்பது, ஐந்தாவது வேதியியல், 15 முதல் 17 வரை உற்பத்தித் தேதி, கடைசி ஏழு வரிசை எண். ஈவிஇ என்ற சீன நிறுவனத்தின் செல் என்று சொல்லிக் கொடுத்தால் தொடக்கம் 0, 4, க்யூ என்று இருக்க வேண்டும். 48 செல்லையும் ஸ்கேன் செய்து ஒரு தாளில் போடுங்கள். தேதி ஒரே வாரத்துக்குள், வரிசை எண்கள் அருகருகே இருந்தால் ஒரே லாட் (உற்பத்தித் தொகுதி). ஆறு வெவ்வேறு மாதங்கள் கலந்து வந்தால் அது பொறுக்கிச் சேர்த்த குவியல். குறி சுரண்டப்பட்டிருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். நல்ல குறியை அச்சடித்து ஒட்டவும் முடியும் என்பதால், குறி சரியாக இருப்பது மட்டும் சான்றாகாது.

தடிமன்: இந்த அளவு செல் சுமார் 36 மில்லிமீட்டர். வெர்னியரை ஓரத்தில் வைத்தால் எல்லா செல்லும் நல்லதாகவே தெரியும். உப்பல் நடுவில்தான் இருக்கும். இரண்டு தட்டையான பலகைக்கு நடுவே வைத்து, லேசாக அழுத்தி, பலகைகளுக்கு இடையே அளங்கள். சார்ஜ் நிலை ஏறினால் தடிமனும் கொஞ்சம் ஏறும். எல்லாவற்றையும் ஒரே சார்ஜ் நிலையில் ஒப்பிட வேண்டும்.

எடையும் போட்டுவிடுங்கள், செல் சுமார் 2 கிலோ. ஒன்று மட்டும் 30, 40 கிராம் குறைந்தால் எலக்ட்ரோலைட் கசிந்ததா என்று வென்ட் (அழுத்தம் வெளியேறும் துளை) பக்கமும் நிரப்பு துளைப் பக்கமும் முகர்ந்து பார்க்காமல், டிஷ்யூ வைத்துத் துடைத்துப் பாருங்கள். ஈரமோ பிசுபிசுப்போ இருந்தால் கையுறையோடு எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். எலக்ட்ரோலைட் உப்பு ஈரப்பதத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு உண்டாகும்.

பீன்யா_பட்டறை

நன்றி சார். முனைகள் சுத்தமாக இருக்கின்றன, தேதி மூன்று நாளுக்குள். மாதிரியாக வாங்கிய நான்கு செல்லைக் கருவியில் போட்டேன். 40 ஆம்பியரில் 98.6, 99.1, 98.4, 98.9 வந்தது. நான்குமே இப்படி வருமா? செல் குறையா, கருவி குறையா?

அமைப்பு: 40 ஆம்பியரில் 3.65 வோல்ட் தொட்டதும் நிறுத்தம், பத்து நிமிட ஓய்வு, 40 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை டிஸ்சார்ஜ். காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன், ஷெட்டில் 20 டிகிரி இருக்கும்.

மில்லிஓம்

நான்கும் ஒரே அளவில் குறைகிறது என்றால் முதலில் முறையைச் சந்தேகியுங்கள். உங்கள் அமைப்பில் சிவி கட்டமே (வோல்டேஜை மாறாமல் பிடித்துவைக்கும் கட்டம்) இல்லை. 3.65 தொட்டதும் நிறுத்தினால் செல் நிரம்பியிருக்காது. 3.65 வோல்ட்டிலேயே பிடித்துவைத்து, மின்னோட்டம் 0.05சி (கொள்ளளவு எண்ணின் 0.05 மடங்கு), அதாவது சுமார் 5 ஆம்பியருக்கு இறங்கும்வரை விட வேண்டும்.

அடுத்தது உணர் கம்பிகள். நான்கு கம்பி முறையில் மின்னோட்டக் கம்பி இரண்டும் உணர் கம்பி இரண்டும் செல்லின் முனையில் தனித்தனியாகத் தொட வேண்டும். உணர் கம்பியைக் கிளிப்பின் மேல் கடித்துவிட்டால் கிளிப்-முனை இணைப்பின் தடை கணக்கில் நுழைந்துவிடும். அந்த இணைப்பு 5 மில்லிஓம் என்றால் 40 ஆம்பியரில் 0.2 வோல்ட். கருவி 3.65 என்று பார்க்கும்போது செல் 3.45லேயே நிற்கும். டிஸ்சார்ஜில் எதிர்ப்பக்கம்: கருவி 2.5 என்று நிறுத்தும்போது செல் 2.7. எல்எஃப்பியில் டிஸ்சார்ஜ் முடிவு செங்குத்தாக விழுவதால் அங்கே இழப்பு சிறிது. சார்ஜ் பக்கம்தான் பெரிய இழப்பு, அதுவும் சிவி இல்லாதபோது.

அலுமினிய முனையில் ஆக்சைடு படலம் வேகமாகப் படியும். ஸ்காட்ச்-பிரைட் போட்டு லேசாகத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, உடனே போல்ட்டில் இறுக்குங்கள். முதலைக் கிளிப் வேண்டாம், வளைய முனை போடுங்கள்.

வெப்பம்: தரவுத்தாளில் உள்ள எண் 25 டிகிரிக்கானது. 20 டிகிரியில் கொஞ்சம் குறையும். பெங்களூரில் காலைக்கும் மத்தியானத்துக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி மாறும், தகரக் கூரை ஷெட்டில் அதைவிட அதிகம். காலையில் சோதித்த செல்லையும் மத்தியானம் சோதித்த செல்லையும் ஒப்பிட்டால், நீங்கள் ஒப்பிடுவது வானிலையை. ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியின் உடலையோ தெர்மாகோல் பெட்டியையோ எடுத்து, சிறு ஹீட்டரும் மின்விசிறியும் வைத்து 27 டிகிரியில் நிறுத்துங்கள். 25ஆகவே இருக்க வேண்டும் என்பதில்லை, எல்லா செல்லுக்கும் ஒன்றாக இருப்பதுதான் முக்கியம். தெர்மோகப்பிளை அகன்ற பக்கத்தின் நடுவில் காப்டன் டேப்பால் ஒட்டுங்கள். ஓய்வு பத்து நிமிடம் போதாது, ஒரு மணி நேரம் விடுங்கள்.

கருவியின் மின்னோட்டக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். 50 ஆம்பியர் 75 மில்லிவோல்ட் ஷன்ட் என்ற அளவுத் தடையைத் தொடரில் போட்டால் 40 ஆம்பியருக்கு 60.0 மில்லிவோல்ட் காட்ட வேண்டும். 58.8 காட்டினால் கருவி உண்மையைவிட 2 சதவீதம் கூட்டிச் சொல்கிறது. இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்று ஒரே செல்லை இரண்டிலும் ஓட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "ஏ கருவி செல்கள்", "பி கருவி செல்கள்" என்று இரண்டு கும்பல் பொய்யாக உருவாகும்.

சோதனைக் கருவிக்கு யுபிஎஸ் கட்டாயம். நடுவில் மின்சாரம் போனால் பல கருவிகள் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிடும்.

பீன்யா_பட்டறை

சிவி வைத்து, வளைய முனை போட்டு, 27 டிகிரிப் பெட்டிக்குள் அதே நான்கு செல்: 106.2, 106.5, 105.9, 106.3. ரொம்ப நன்றி சார்.

இப்போது பல்ஸ் சோதனை. மீட்டரே 0.31, 0.32 என்று காட்டுகிறதே, பிறகு பல்ஸ் எதற்கு?

வோல்ட்சாமி

அதைத்தான் நானும் கேட்கிறேன். மின்தடை என்றால் மின்தடைதான்.

மில்லிஓம்

1 கிலோஹெர்ட்ஸ் மீட்டர் செல்லை ஒரு விநாடிக்கு ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஆட்டுகிறது. அந்த வேகத்தில் அளவில் விழுவது முனை, உள்ளே உள்ள தாள்கள், எலக்ட்ரோலைட் ஆகியவற்றின் தடை மட்டும். லித்தியம் அயனி துகளின் மேற்பரப்பைக் கடப்பதும், துகளுக்குள் பரவுவதும் மெதுவான வேலைகள். உங்கள் வண்டி சரிவில் ஏறும்போது பத்து, இருபது விநாடி 150 ஆம்பியர் இழுக்கிறது. அப்போது அந்த மெதுவான தடைதான் வோல்டேஜை இறக்குகிறது. பழைய செல்லில் முதலில் ஏறுவதும் பெரும்பாலும் அதுதான். மீட்டரில் 0.32 காட்டும் இரண்டு செல்கள் 10 விநாடி பல்ஸில் 1.0, 1.4 என்று பிரியலாம்.

செய்முறை: முழுச் சார்ஜிலிருந்து 53 ஆம்பியர்-மணி இறக்கி 50 சதவீதத்தில் நிறுத்துங்கள். ஒரு மணி நேரம் ஓய்வு. வோல்டேஜைக் குறியுங்கள். 40 ஆம்பியர் 10 விநாடி. பத்தாவது விநாடி முடியும் கணத்து வோல்டேஜைக் குறியுங்கள். உதாரணம்: 3.300லிருந்து 3.258 என்றால் 42 மில்லிவோல்ட் சரிவு, 40ஆல் வகுத்தால் 1.05 மில்லிஓம். இதே போல 20 சதவீதத்திலும் ஒருமுறை. கீழ் நிலையில்தான் செல்களுக்குள் வித்தியாசம் விரியும்.

இரண்டு எச்சரிக்கை. 40 மில்லிவோல்ட் சரிவில் 1 மில்லிவோல்ட் பிழை என்றாலே 2.5 சதவீதம் போய்விட்டது, எனவே உங்கள் மீட்டரின் படி 1 மில்லிவோல்ட் என்றால் ஒவ்வொரு செல்லுக்கும் மூன்று பல்ஸ் கொடுத்துச் சராசரி எடுங்கள். இடையே பத்து நிமிட ஓய்வு. இரண்டாவது, இந்த எண் வெப்பத்துக்கு மிகவும் ஆடும். குளிர்ந்தால் வேகமாக ஏறும். கொள்ளளவுக்கு வைத்த அதே 27 டிகிரிப் பெட்டியை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.

ஆய்வகங்களில் எச்பிபிசி என்று செய்வது இதன் விரிவு: 10 விநாடி டிஸ்சார்ஜ், 40 விநாடி ஓய்வு, 10 விநாடி சார்ஜ், ஒவ்வொரு 10 சதவீதத்திலும். உங்கள் வண்டியில் ரீஜென் பிரேக்கிங் (பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவது) இருந்தால் சார்ஜ் பல்ஸும் முக்கியம். இல்லையென்றால் மேலே சொன்ன இரண்டு புள்ளி போதும்.

1 மில்லிஓம் என்று எடுத்துக்கொண்டால் 150 ஆம்பியரில் ஒரு செல்லில் 22.5 வாட் வெப்பம், 16 செல்லில் 360 வாட். அது சில விநாடிதான். சராசரி 40 ஆம்பியரில் செல்லுக்கு 1.6 வாட் மட்டும். வெப்பத்தில் உங்கள் பேக் சிரமப்படாது. வோல்டேஜ் சரிவில்தான் சிக்கல்: 15 செல் 0.15 வோல்ட் இறங்கும்போது 3 மில்லிஓம் உள்ள ஒரு செல் 0.45 இறங்கும். 20 சதவீதம் சார்ஜ் மீதி இருக்கும்போதே மேடு ஏறுகையில் பிஎம்எஸ் (செல்களைக் கண்காணிக்கும் பாதுகாப்புச் சுற்று) கட் ஆவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

கல்பனா_இசிட்டி

பல்ஸ் பற்றி மில்லிஓம் சார் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொடர் பேக்கில் உண்மையாகவே ஆயுளைத் தீர்மானிப்பது கடைசிச் சோதனை, அதாவது செல் சும்மா கிடக்கும்போது எவ்வளவு இழக்கிறது என்பது. அதையே எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். மற்ற 15 செல்லைவிட ஒரு செல் 10 மில்லிஆம்பியர் கூடுதலாகக் கசிகிறது. ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-மணி, மாதத்துக்கு 7.2. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்ய வேண்டியது பிஎம்எஸ். சாதாரண பாசிவ் பேலன்ஸிங் (நிறைந்த செல்லின் மிகுதியை மின்தடையில் வெப்பமாகக் கழிப்பது) 60 மில்லிஆம்பியர் அளவில் இருக்கும். எல்எஃப்பியில் அது 3.4 வோல்ட்டுக்கு மேல் போனால்தான் வேலை செய்யும், ஏனென்றால் நடுவில் வோல்டேஜ் கிட்டத்தட்டத் தட்டை, எது நிறைந்தது எது குறைந்தது என்று பிஎம்எஸ்ஸுக்குத் தெரியாது. தினமும் சார்ஜ் முடியும் நேரத்தில் 20 நிமிடம் அந்த மேல் பகுதியில் நிற்கிறது என்று வைத்தால் 20 மில்லிஆம்பியர்-மணி, மாதத்துக்கு 0.6. தேவை 7.2, கிடைப்பது 0.6. மாதா மாதம் 6 சதவீதத்துக்கு மேல் பேக் சுருங்கிக்கொண்டே போகும். செல் எல்லாம் 106 ஆம்பியர்-மணி காட்டியிருக்கும், வண்டியோ இரண்டு மாதத்தில் பாதி வழியில் நிற்கும். பிரித்துப் பார்த்தால் அந்தச் செல் தனியாக மீண்டும் 106 காட்டும்! "செல் நல்லது, பிஎம்எஸ் மோசம்" என்று தவறாக முடிவு கட்டுவது இங்கேதான்.

எப்படிப் பிடிப்பது? முழுச் சார்ஜ் செய்து, சுமார் 90 ஆம்பியர்-மணியை இறக்கி, 15 சதவீதத்தில் நிறுத்துங்கள். 50 சதவீதத்தில் கிடப்பில் போடாதீர்கள். அங்கே 10 சதவீதம் இறங்கினாலும் வோல்டேஜ் ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான் மாறும். 15 சதவீதத்துப் பக்கம் ஒவ்வொரு சதவீதத்துக்கும் சில மில்லிவோல்ட் கிடைக்கும். முதல் 24 மணி நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம், அது செல் அமைதியாகிற நேரம். அதன்பின் ஒரு அளவு, 14 நாள் கழித்து ஒரு அளவு. 10 மில்லிஆம்பியர் கசியும் செல் 14 நாளில் 3.4 ஆம்பியர்-மணி, ஏறக்குறைய 3 சதவீதம் இழந்திருக்கும். நல்ல செல்களின் கூட்டத்திலிருந்து அது பளிச்சென்று விலகி நிற்கும்.

பீன்யா_பட்டறை

என் 6000 கவுன்ட் மீட்டர் 3 வோல்ட்டில் 1 மில்லிவோல்ட்தான் காட்டும். இதற்குப் போதுமா மேடம்?

கல்பனா_இசிட்டி

நேராக அளந்தால் போதாது. வித்தியாசத்தை அளங்கள். ஒரு செல்லை மேற்கோள் செல்லாக வையுங்கள். அதன் நெகட்டிவையும் சோதிக்கும் செல்லின் நெகட்டிவையும் மெல்லிய கம்பியால் இணைத்து, இரண்டு பாசிட்டிவுக்கும் நடுவே மீட்டரின் மில்லிவோல்ட் வரம்பில் அளங்கள். 0.1 மில்லிவோல்ட் வரை தெரியும். ஒரு முனைதான் பொதுவாக இருப்பதால் செல்களுக்கு இடையே மின்னோட்டம் ஓடாது. மீட்டர் ஆம்பியர் துளையில் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத் தொடுங்கள், இல்லாவிட்டால் மீட்டரே இரண்டு செல்லையும் இணைத்துவிடும். எல்லா செல்லும் ஒரே அறையில் ஒரே வெப்பத்தில் இருந்தால் வெப்பத்தால் வரும் ஆட்டமும் இதில் கழிந்துவிடும்.

மேற்கோள் செல்லே கசியும் செல்லாக இருந்தால்? மற்ற எல்லாமே ஒரே அளவில் ஏறியதாகக் காட்டும். உடனே தெரிந்துவிடும்.

வோல்ட்சாமி

கணக்கை ஒப்புக்கொள்கிறேன் மேடம். ஆனால் 14 நாள் 48 செல்லை முடக்கினால் சிறு பட்டறைக்குப் பணம் முடங்குகிறது. லாட்டில் ஐந்து செல்லை மட்டும் மாதிரி எடுத்துப் போட்டால் ஆகாதா?

கல்பனா_இசிட்டி

மாதிரி எடுப்பது லாட் முழுவதுக்கும் பொதுவான குணத்துக்குத்தான் சரி. சைக்கிள் ஆயுள், கொள்ளளவின் சராசரி, குளிரில் நடத்தை எல்லாம் அப்படி. கசிவு ஒவ்வொரு செல்லின் தனிக் குறை. ஒரு உலோகத் துகள், பிரிப்பானில் ஒரு மெலிந்த இடம், ஒரு மடிந்த ஓரம். ஐந்து நல்ல செல்லைப் பார்த்துவிட்டு ஆறாவதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அதோடு கசிவின் காரணம் உள்ளே உள்ள நுண் குறுக்குச் சுற்று என்றால் அது வெறும் பேலன்ஸ் பிரச்சினையாக நிற்காது, பாதுகாப்புப் பிரச்சினை. இந்த ஒரு சோதனையை நூற்றுக்கு நூறு செய்யுங்கள்.

நாளைக் குறைக்க வழி உண்டு. 40 டிகிரியில் வைத்தால் கசிவு வேகமெடுக்கும், ஏழு நாளிலேயே கூட்டம் பிரியும். ஆலைகளில் செல்லைச் சூடான அறையில் முதிரவிடுவதும் இதற்காகத்தான். குளிர்ந்து அறை வெப்பத்துக்கு வந்தபின் அளக்க வேண்டும். அந்த நாட்களில் பெட்டி, பஸ்பார், வயரிங் வேலைகளை முடித்துக்கொள்ளலாம்.

ஓசூர்_லைன்

வோல்ட்சாமி அண்ணாவின் நேரப் பிரச்சினைக்கு நானும் ஒரு வழி சொல்கிறேன். லாட் நம்பகமானது என்றால் கொள்ளளவை ஒவ்வொன்றாகப் பார்க்காமல், 16ஐயும் மேல் மட்டத்தில் சமன் செய்து (எல்லாவற்றையும் ஒரே முழுச் சார்ஜுக்குக் கொண்டுவந்து), தொடராகக் கட்டி, ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் பதிவுசெய்தபடி ஒரே டிஸ்சார்ஜ் போடலாம். முதலில் 2.5 தொடும் செல்லின் கொள்ளளவு துல்லியமாகத் தெரியும். மற்ற 15 செல் "அதைவிட அதிகம்" என்று மட்டும் தெரியும். தொடர் பேக்குக்கு அது பெரும்பாலும் போதும்.

சில்க்போர்டு_ரைடர்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஸ்கூட்டருக்கு 21700 என்ற உருளை வடிவ என்எம்சி (நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட்) செல், 5 ஆம்பியர்-மணி, 14 தொடர் 12 இணை பார்க்கிறேன். இதே முறைதானா?

மில்லிஓம்

முறை அதேதான், எண்கள் வேறு. 4.2 வோல்ட் மேல் வரம்பு. எடை 70 கிராம் அருகே இருக்க வேண்டும், 55 கிராம் என்றால் போலி. கிடப்புச் சோதனையை 30 முதல் 50 சதவீதத்திலேயே போடலாம், என்எம்சியின் வோல்டேஜ் சாய்வாக இருப்பதால். இணையாகக் கட்டும் செல்களில் பல்ஸ் மின்தடைப் பொருத்தம் கூடுதல் முக்கியம், தடை குறைந்த செல் அதிக மின்னோட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும்.

மோட்டார் உச்சம் 5.5 கிலோவாட் என்று வைத்தால், சார்ஜ் குறைந்து செல் 3.2 வோல்ட்டில் நிற்கும்போது பேக் 44.8 வோல்ட், மின்னோட்டம் 123 ஆம்பியர், செல்லுக்கு 10.2. கொள்ளளவுக்காகச் செய்த 5 ஆம்பியர்-மணி செல்கள் பலவற்றுக்கு இது தொடர்ந்து தரக்கூடிய வரம்பின் விளிம்பு அல்லது அதற்கும் மேல். செல்லின் 10 விநாடித் தடை 35 மில்லிஓம் என்றால் ஒவ்வொன்றிலும் 3.6 வாட், 168 செல்லில் 600 வாட். மேம்பாலம் ஏறும் நேரத்துக்குச் சமாளிக்கும், தொடர்ந்து தாங்காது. ஒன்று இணை எண்ணிக்கையைக் கூட்டுங்கள், அல்லது மோலிசெல் பி42ஏ போல 4.2 ஆம்பியர்-மணியில் 45 ஆம்பியர் தரும் வகைக்குப் போங்கள். மற்றவை தனி இழையில் பேசலாம்.

கல்பனா_இசிட்டி

ரைடர் தம்பி, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவெண் உள்ள வண்டி என்றால் செல் சோதனையோடு முடியாது. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகள் வரும் எல் வகைக்கு ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரநிலை பொருந்தும். அதன் மூன்றாம் திருத்தம் 2022 டிசம்பர் 1 முதலும், இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதலும் நடைமுறைக்கு வந்தது. செல் ஐஎஸ் 16893 என்ற இந்தியத் தரநிலையின் பகுதி 2, பகுதி 3 சோதனைகளில் தேறியிருக்க வேண்டும். பேக்குக்கு நீர் புகாமை, ஒரு செல் தீப்பிடித்தால் பரவும் விதம் எல்லாம் ஏஆர்ஏஐ, ஐகேட் போன்ற வாகனச் சோதனை மையங்களில் சோதிக்கப்படும். பட்டறையில் கட்டிய பேக்கை அப்படியே சாலையில் ஓட்ட முடியாது. பீன்யா நண்பர் வளாகத்துக்குள் ஓட்டுவதால் வேறு விஷயம். அவரும் செல் வாங்கும்போது ஐஎஸ் 16893 சான்றும் யுஎன் 38.3 (போக்குவரத்துப் பாதுகாப்பு) சோதனை அறிக்கையும் கேட்டு வாங்கட்டும். அறிக்கையில் உள்ள மாடல் எண்ணும் செல்லின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பது அவசியம்.

ஆணி அடிப்பது, நசுக்குவது, அதிகச் சார்ஜ் ஏற்றுவது போன்ற சோதனைகளை யாரும் பட்டறையில் முயல வேண்டாம். எல்எஃப்பி தீப்பிடிக்காது என்ற நம்பிக்கை தவறு. வென்ட் திறந்தால் வரும் வாயுவில் ஹைட்ரஜன் உண்டு. மூடிய ஷெட்டில் அது சேர்ந்து ஒரு பொறி பட்டால் வெடிக்கும். சோதனை மேசையைக் காற்றோட்டமான இடத்தில், எரியும் பொருள் அருகில் இல்லாமல் வையுங்கள். ராத்திரி ஆளில்லாமல் ஓட்டினால் கருவியின் வரம்பை மட்டும் நம்பாமல், செல்லின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் தனி ரிலே போடுங்கள்.

பீன்யா_பட்டறை

எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக இரண்டு: கழிக்கும் அளவு, 48 செல்லை மூன்று பேக்காகப் பிரிக்கும் விதம். பிறகு மேல் மட்டச் சமன்.

மில்லிஓம்

தரவுத்தாளின் வரம்பைவிட உங்கள் 48 செல்லின் நடுமதிப்பை அளவுகோலாக வையுங்கள். 10 விநாடித் தடை நடுமதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் ஒதுக்குங்கள். கொள்ளளவு 105க்குக் கீழ் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். கிடப்பில் கூட்டத்தை விட்டுத் தெளிவாக இறங்கிய செல்லை, மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்காதீர்கள். இதற்காக 48 வேண்டுமென்றால் 52 வாங்குவதாகப் பேசிவையுங்கள்.

பிரிக்கும்போது முதலில் கிடப்பு இறக்கத்தின்படி வரிசைப்படுத்தி மூன்று கூறாக்குங்கள். ஒரே வேகத்தில் கசியும் 16 செல் ஒன்றாக இருந்தால் அவை ஒன்றாகவே இறங்கும், பேலன்ஸ் கெடாது. அதற்குள் கொள்ளளவு வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் வருமாறு சில செல்லை மாற்றிக்கொள்ளுங்கள். பேக்குக்குள் தடை அதிகமுள்ள செல்களை ஓரங்களில் வையுங்கள், நடு செல்கள்தான் அதிகம் சூடாகும்.

சமன் செய்ய 16ஐயும் உடனே இணையாகக் கட்டி 10 ஆம்பியர் சப்ளையில் மாட்டாதீர்கள். பாதி சார்ஜிலிருந்து 840 ஆம்பியர்-மணி ஏற்ற 84 மணி நேரம் ஆகும். முதலில் தொடராகக் கட்டி பிஎம்எஸ்ஸோடு சார்ஜ் செய்து, ஏதாவது ஒரு செல் 3.6 தொட்டதும் நிறுத்துங்கள். பிறகு பிரித்து இணையாக்கி, சப்ளையைச் சுமையில்லாமல் 3.65க்கு அமைத்து மல்டிமீட்டரில் சரிபார்த்த பிறகு மாட்டுங்கள். மின்னோட்டம் 2, 3 ஆம்பியருக்கு இறங்கியதும் எடுத்துவிடுங்கள். முழுச் சார்ஜில் நாள்கணக்கில் விடக்கூடாது.

ஓசூர்_லைன்

பஸ்பார் இணைப்பை மறக்க வேண்டாம். ஒரு இணைப்பு 0.5 மில்லிஓம் என்றால் 150 ஆம்பியரில் 11 வாட் அங்கேயே சூடாகும், பிஎம்எஸ் பார்வையில் அது மோசமான செல் போலவே தெரியும். கட்டி முடித்தபின் 40 ஆம்பியர் ஓட்டி, முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவே ஒவ்வொரு இடத்திலும் மில்லிவோல்ட் அளங்கள். 4 மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டும் இணைப்பைக் கழற்றி, சுத்தம் செய்து, தரவுத்தாள் சொல்லும் முறுக்கு விசையில் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். செல்களை அழுத்திப் பிடிக்கும் தட்டும் வேண்டும். ஈவிஇ நிறுவனத்தின் 280 ஆம்பியர்-மணி செல்லுக்கு 300 கிலோ விசை என்று போட்டிருக்கும், 105க்கு அதன் சொந்தத் தாளைப் பாருங்கள். செல்களுக்கு நடுவே எப்பாக்ஸி கண்ணாடியிழைத் தகடு வையுங்கள், நீல உறை மட்டும் காப்புக்குப் போதாது.

வோல்ட்சாமி

பீன்யா தம்பி, கிடப்பில் போட்ட செல்களின் எண்ணை இங்கேயே போடுங்க. அடுத்த லாட்டிலிருந்து நானும் நெகட்டிவ் இணைத்து அளக்கும் முறையில் போட்டுப் பார்க்கிறேன். எந்தச் செல் எந்த பேக்கில் எத்தனையாவது இடம் என்று க்யூஆர் எண்ணோடு எழுதிவையுங்க. ஆறு மாதம் கழித்து ஒரு செல் இறங்கினால் அது முதல் நாளே இறங்கியதா, வண்டியில் கெட்டதா என்று அந்தத் தாள்தான் சொல்லும்.